சும்மா இருந்த கை

1

இன்று காலை ரொட்டி சுடுவதற்காக அடுப்புக்கு மேலே அடித்திருக்கும் பலகையிலிருந்து மா டின்னை இறக்கினேன். கீழே வைத்து மூடியைத் திறந்த பிறகுதான் எந்தக் கையால் இறக்கினோம் என்று நினைத்துப் பார்த்தேன். வலது கை. போன வருடம் இதே மழைக்காலத்தில் ஒடிந்த கை. யோசிக்காமல் ஒரு பொருளை எடுக்கிற நாள் வந்தால் கை குணமாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம் என எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன். அந்த நாள் இன்றைக்கு வந்துவிட்டது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

இதைப் பத்திரிகையில் படிக்கப்போகிற முசிறிப் பக்கத்து உறவுக்காரர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "கொழும்புக்குப் போனவள் எப்படி இருக்கிறாள்?" என்று நீங்கள் கேட்டுக்கொள்வது என் காதுக்கு வருகிறது. நான் கொழும்பைப் பார்த்ததே கிடையாது. தலைமன்னாரில் கப்பலை விட்டு இறங்கி ரயில் ஏறியவள், மலைக்கு மேலே வந்துதான் இறங்கினேன். கந்தப்பளைக்கும் ராகலைக்கும் நடுவில் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே ஒரு லயம் என்கிற வரிசை வீடு, லயத்தில் காம்பரா என்று ஒரே ஒரு அறை. இத்தனை வருடமாக என் வெளிநாடு அவ்வளவுதான்.

எனக்கு வேலை பிள்ளை மடுவத்தில். விடிகாலையில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி வேலை பிரித்துக் கொடுப்பதை இங்கே பெரட்டு என்கிறார்கள். பெரட்டு முடிந்து பெண்கள் கொழுந்து பறிக்க மலை ஏறும்போது கைக்குழந்தைகளை என்னிடம் விட்டுப் போவார்கள். பழைய சேலைகளை உத்தரத்தில் கட்டி, தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். அழுகிறதை ஆட்ட வேண்டும், நனைத்துக்கொண்டதை மாற்ற வேண்டும், தவழுகிறது அடுப்புப் பக்கம் போகாமல் தூக்கி வர வேண்டும். எட்டாவது வரை படித்தவள் ஊரான் பிள்ளைக்குக் கால் கழுவிவிடுகிறாளா என்று என் அண்ணன் ஒரு முறை எழுதிக் கேட்டார். ஆமாம், கழுவிவிடுகிறேன். யாராவது கழுவித்தானே ஆக வேண்டும்.

2

மடுவத்துக்குப் பின்னால் ஒரு பீலி இருக்கிறது. மலையிலிருந்து வருகிற தண்ணீரை ஒரு குழாயில் பிடித்து விட்டிருப்பார்கள், அதுதான் பீலி. பிள்ளைகளின் ஈரத்துணியை அலசி முடித்து, வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். பாசி பிடித்த கல். கால் போனது தெரிந்தது. முழங்கை கல்லில் பட்டபோது வந்த சத்தத்தை நானே கேட்டேன். வலி அதற்கு அப்புறம்தான் வந்தது.

தோட்டத்து டாக்டர் ஐயா என் முந்தானையையே கிழித்துக் கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டினார். தேயிலைப் பெட்டி ஏற்றிய லொறி நகரத்துக்குப் புறப்பட இருந்தது. பெட்டிகளுக்கு நடுவில் என்னை உட்கார வைத்து, பக்கத்தில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு "ஐயோ மெதுவா, மெதுவா" என்று டிரைவருக்குச் சத்தம் போட்டுக்கொண்டே வந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்து, மாவுக்கட்டுப் போட்டார்கள். நம் ஊரிலென்றால் முட்டையையும் உளுந்து மாவையும் குழைத்துப் பூசி மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருப்பார்கள். அப்படிக் கட்டின என் சித்தப்பாவின் கை கடைசிவரை ஒரு பக்கமாகத் திரும்பியேதான் இருந்தது. அதனால் மாவுக்கட்டைப் பார்த்து எனக்குச் சந்தோஷம்தான்.

வீட்டுக்கு வந்த மறுநாளே கண்டாக்கையா வாசலில் வந்து நின்றார். தோட்டத்தை நடத்துகிற துரைக்கு அடுத்தபடியாக மலையில் வேலை வாங்குகிறவர் அவர்தான்.

"மரகதம், மடுவத்துப் புள்ளைங்கள சும்மா விட முடியாதில்ல. கங்காணி மருமக பார்வதியப் போட்டிருக்கேன்."

"எனக்கு சரியானதும் நான் வந்துருவேங்கய்யா."

"வா. யாரு வேணாங்கிறா? ஆனா தொர கையப் பாத்து சரின்னு சொல்லணும். அவரு அடுத்த வாட்டி மடுவம் பாக்க வர்றப்ப கை சரியா இருந்தா ஒனக்கு. இல்லேன்னா அவளுக்கு."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. பிள்ளையைத் தூக்க முடியாதவளுக்கு மடுவத்தில் என்ன வேலை? ஆனால் கொழுந்து பறிக்கவும் இரண்டு கை வேண்டும். இரண்டு வேலையும் இல்லை என்றால் தோட்டத்தில் என் பேர் இல்லை. வேலையில் பேர் இல்லாதவள் இந்த நாட்டில் யார் என்று கேட்பதற்கு இப்போதெல்லாம் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

3

அப்படிக் கேட்க ஒருவர் அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார். பிரஜாவுரிமைக்கு, அதாவது இந்த நாட்டுக் குடியுரிமைக்கு, மனுப் போட்டவர்களை விசாரிக்கிற அதிகாரி. தோட்டத்து ஆபீஸில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் குடும்பத்துக்கே சேர்த்து மனுப் போட்டிருந்தார். எப்போது வந்தீர்கள், நடுவில் இந்தியாவுக்கு எதற்குப் போனீர்கள், போனால் ஏன் இத்தனை நாள் இருந்தீர்கள். அம்மா செத்ததற்குப் போனேன் என்றேன். சாவுக்கு அத்தனை நாள் ஆகுமா என்று கேட்டார்.

கடைசியில் கையெழுத்து. மாவுக்கட்டு விரல் மூட்டு வரை இருந்தது. வெளியே தெரிந்த விரல்கள் வீங்கிக் கிடந்தன. பேனாவைப் பிடித்துப் பார்த்தேன், விரலில் நிற்கவில்லை.

"எனக்கு எழுதத் தெரியுங்க. கட்டுப் பிரிச்சதும் வந்து போட்டுர்றேன்" என்றேன்.

அவர் மை டப்பாவை என் பக்கம் தள்ளினார். இடது பெருவிரலை வைத்தேன். எனக்குப் பின்னால் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கிறவள் நான். வெளியே வந்து, விரலில் இருந்த மையை ஆபீஸ் சுவரிலேயே தேய்த்தேன். காவல்காரர் பார்த்தார்.

கை வலித்ததைவிட அது அதிகமாக வலித்தது. எப்பாடு பட்டாவது இந்தக் கையை மீட்பேன் என்று நான் முடிவு செய்தது அன்றைக்குத்தான். வேலை போய்விடும் என்ற பயத்தில் மட்டும் செய்த முடிவு இல்லை. கோபமும் அதில் பாதி.

4

கட்டுப் பிரிக்கிற நாளில் வீட்டுக்காரரும் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுக் கூட வந்தார். அவருக்கு வேலை தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து அரைக்கிற இயந்திரத்தில். பேரைச் சொல்ல மாட்டேன், எழுதவும் மாட்டேன். அவருக்குத் தன் சிங்களத்தில் பெரிய நம்பிக்கை. லொறி டிரைவர்களோடும் பேக்கரிக்காரரோடும் பேசிப் பழகிய சிங்களம். பாண் வாங்குவதற்கும், பஸ்ஸில் இடத்துக்குச் சண்டை போடுவதற்கும் அது போதும். எனக்கு அதுவும் கிடையாது. காலையில் எழுந்து ராத்திரி படுக்கிறவரை தமிழே பேசி முடித்துவிடுகிற இடத்தில் இருப்பவள் நான்.

டாக்டர் சிங்களவர், இளம் வயது, பொறுமைசாலி. கட்டைப் பிரித்ததும் என் கையைப் பார்த்து எனக்கே அருவருப்பாக இருந்தது. மெலிந்து, தோல் உரிந்து, பாதி மடங்கிய நிலையில் அப்படியே நின்றது. மடக்கினால் வாய்க்கு வரவில்லை, நீட்டினால் நீளவில்லை. தமிழ் தெரிந்த உதவியாளர் எங்கேயோ போயிருந்தார். டாக்டர் மெதுவாக, நீளமாக, கையை ஆட்டிக் காட்டி என்னென்னவோ சொன்னார். வீட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் "ஹரி மாத்தயா, ஹரி மாத்தயா" என்று, சரிங்கய்யா சொல்கிற மாதிரி, தலையாட்டினார். பேச்சை முடிக்கும்போது டாக்டர் என் முகத்தைப் பார்த்து "எப்பா" என்றார். நம் ஊரில் வெயிலில் நடந்து வந்து உட்காருகிறவர்கள் சொல்லுவோமே, அதே எப்பா. பாவம், என் கையைப் பார்த்து அவருக்கே மனசு கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்த இரக்கம் எனக்குப் பிடித்திருந்தது.

"என்னாங்க சொன்னாரு?" என்று வெளியே வந்து கேட்டேன்.

"வேல செய்யக் கூடாதாம். சும்மா இருக்கணுமாம்" என்றார் வீட்டுக்காரர்.

சும்மா இருந்தேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு காலம் வந்தது கிடையாது. அவர் தண்ணீர் எடுத்தார், சமைத்தார். ரொட்டி ஒரு பக்கம் கருகி, மறுபக்கம் பச்சையாக இருக்கும். நான் ஒரு கரண்டியைத் தொட்டால் போதும், "ஏ புள்ள, டாக்டர் என்னா சொன்னாரு?" என்று கையிலிருந்து பிடுங்கிவிடுவார். அந்த மனுஷனுக்கு என்மேல் இருக்கிற பிரியத்தில் எனக்கு எப்போதும் சந்தேகம் வந்தது இல்லை. ஆனால் பிரியத்தோடு ஒரு கையை மரமாக்கிக்கொண்டிருக்கிறார் என்று அப்போது இரண்டு பேருக்குமே தெரியாது.

மகள் வசந்தாதான் எனக்குத் தலை வாரிவிடுவாள். எட்டு வயது. கடைத்தெருவில் சிங்களப் பிள்ளைகளோடு விளையாடி விளையாடி அவள் நாக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது. சிக்கு எடுக்கும்போது நான் தலையை அசைத்தால், "அம்மா, பொட்டக் இருங்க" என்பாள்.

"அது என்னாடி பொட்டக்?"

"பொட்டக்னா கொஞ்சம்னுதானேம்மா. ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. நான் முசிறியிலிருந்து கொண்டுவந்த தமிழை அவளுக்குக் கொடுத்தேன். அவள் அதில் ஏதேதோ போட்டுக் கலக்கிக்கொண்டிருக்கிறாள். திட்டினேன். திட்டிவிட்டு, அவள் சடை போட்டு முடிக்கும்வரை சும்மா உட்கார்ந்திருந்தேன். வேறு வழி?

இடது கையால் சாப்பிடுவதுதான் எனக்கு ஆகவே ஆகவில்லை. பக்கத்துக் காம்பராவில் பிள்ளைக்குக் காது குத்துக்கு இலை போட்டார்கள். நான் போகவில்லை. தலைவலி என்று சொல்லி அனுப்பினேன்.

5

ஞாயிற்றுக்கிழமைகளில் சோமாவதி வருவாள். தோட்டத்து எல்லைக்கு அப்பால் சிங்களக் கிராமம். அங்கிருந்து லீக்ஸ், காரட் எல்லாம் மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு வந்து லயத்தில் விற்பாள். அவள் தமிழ் அவளுக்கென்று ஒரு தமிழ். எங்களுக்குப் பழகிப்போய்விட்டது.

அன்றைக்கு என் கையைப் பார்த்துவிட்டு மூட்டையை இறக்கினாள். "அக்கே, இன்னும் சரி இல்லையா? டொக்டர் என்னா சொன்னது?"

வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். சிங்களம் பேச ஒரு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்: "வெட கரன்ன எப்பா, நிக்கங் இன்ன."

சோமாவதி முகத்தைச் சுளித்தாள். "டொக்டர் அப்படி சொன்னது? சும்மா இருந்தா கை மரம் மாதிரி போகும்தானே."

எனக்கு எதுவோ உறுத்தியது. சொல் புரியாவிட்டாலும் காது இருக்கிறதே.

"இல்லங்க, அந்த எப்பாங்கிறத அவரு கடைசியிலதான் சொன்னாரு" என்றேன். "எனக்கு நல்லா நெனவிருக்கு. ஐயோ பாவம்னு சொல்றாருன்னு நெனச்சேன்."

சோமாவதி கையில் இருந்த லீக்ஸைக் கீழே வைத்தாள். "கடைசியா? 'வெட கரன்ன, நிக்கங் இன்ன எப்பா', அப்படியா?"

"அதேதான்."

"அக்கே, எப்பா சொன்னா வேணாம். வேலை செய்யுங்க, சும்மா இருக்க வேணாம். டொக்டர் சொன்னது அதுதான்."

எல்லாச் சொல்லும் சரி. ஒரே ஒரு சொல்லை எடுத்து இடம் மாற்றி வைத்துவிட்டார் என் வீட்டுக்காரர். வேலை செய், சும்மா இருக்காதே என்று டாக்டர் சொன்னது, வேலை செய்யாதே, சும்மா இரு என்று ஆகிவிட்டது. அத்தனை வாரமும் நான் பத்திரமாக வைத்துக் காப்பாற்றியது என் கையை இல்லை, அந்தத் தப்பை.

"அவரு சொன்ன அதே சொல்லத்தான நானும் சொன்னேன்" என்றார் அவர், சின்னக் குரலில்.

"ஒங்க எப்பாவக் கொண்டுபோயி அடுப்புல வைங்க" என்றேன். அதற்கு மேலும் சொன்னேன். அதெல்லாம் பத்திரிகையில் எழுத முடியாது. சோமாவதி காய்க்குக் காசு வாங்காமலே நழுவிவிட்டாள். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து அடுப்படியில் குந்திக்கொண்டார். அழுதார். அவர் அழுததைப் பார்த்து எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. அழுவது என் வேலை இல்லையா? நான் அழவில்லை. மா டின்னைத் திறந்து, ஒரு கை மாவை அள்ளிச் சட்டியில் போட்டு, வலது கையை அதற்குள் விட்டேன்.

6

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். இந்த முறை தமிழ் தெரிந்த உதவியாளர் வரும்வரை அறைக்குள் போக மாட்டேன் என்று வாசலிலேயே நின்றேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், முணுமுணுக்கட்டும் என்று விட்டேன். டாக்டருக்கு விஷயம் தெரிந்ததும் சிரிப்பு வந்தது, அதை அடக்கிக்கொண்டார். பிறகு கையை மடக்கிப் பார்த்தார், சிரிப்பு போய்விட்டது. அவர் சொன்னதை உதவியாளர் தமிழில் சொல்லச் சொல்ல, நான் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொண்டேன். யாரையும் பிடித்து இழுக்க விடாதே. எண்ணெய் போட்டு உருவ விடாதே. உன் பலத்தில் நீயே மடக்கு, நீயே நீட்டு. வீட்டு வேலை செய், பாரம் மட்டும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். செய்த வேலையில் மறுநாள் கை வீங்கினால் அதைக் குறை, விட்டுவிடாதே. மடக்குவது நன்றாக வந்துவிடும். நீட்டுவது முழுதாக வரும் என்று வாக்குக் கொடுக்க முடியாது.

அவ்வளவுதான் மருந்து. இதற்கு ஒரு சீசாவோ மாத்திரையோ கொடுத்திருந்தால் லயத்தில் எல்லோருக்கும் திருப்தியாக இருந்திருக்கும். அக்கரப்பத்தனையில் ஒரு ஆள் இருக்கிறாராம், ஒரே இழுப்பில் நேராக்கிவிடுவாராம் என்று கங்காணி வீட்டு அம்மா சொல்லி அனுப்பினார். என் மாமியார் முறை ஆகிற ஒருவர் எண்ணெய்ச் சட்டியோடே வந்துவிட்டார். வேண்டாம் என்றேன். படித்த திமிர் என்று பேசிக்கொண்டார்கள். இருக்கட்டும்.

அண்ணனிடமிருந்தும் கடிதம் வந்தது. இங்கே வா, நம் வைத்தியர் பார்ப்பார், ஆறு மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று. ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தால் திரும்ப உள்ளே விடுவார்களா என்று அண்ணனுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு, இங்கே சொல்லிவிடுகிறேன். ஊனமான கையோடு போய் அண்ணன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சாப்பிட எனக்கு மனசு வரவில்லை. வரமாட்டேன் என்று இடது கையாலேயே கோணல்மாணலாகப் பதில் எழுதிப் போட்டேன்.

ரொட்டிக்கு மா பிசைவதுதான் முதல் வேலை. வலது கையை மாவில் வைத்து, இடது கையால் அதை அழுத்துவேன். சில நாட்களில் இடது கையை எடுத்துவிட்டேன். தேங்காய்ச் சம்பல் அரைக்க அம்மிக்குப் போனேன். குழவியை முன்னால் தள்ளினால் கை நீளும், பின்னால் இழுத்தால் மடங்கும். முசிறியில் இருந்தபோது அம்மிக்குப் பயந்து ஓடுவேன், என் பங்கையும் என் அக்காதான் அரைப்பாள். இப்போது லயத்தில் யார் வீட்டில் சம்பல் என்றாலும் "இங்க கொண்டாங்க" என்று வாங்கி அரைத்தேன். துணி பிழிந்தேன், வாசல் கூட்டினேன். வலி கண்ணில் தண்ணீர் வரவழைக்கும். காலையில் வீங்கியிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பேன். வீங்கியிருந்தால் அம்மியை விட்டு விளக்குமாறு, இல்லை என்றால் மறுபடி அம்மி.

தலை வாருவதுதான் கடைசிவரை மல்லுக்கட்டியது. முதலில் சீப்பு தோளுக்கு வந்தது. பிறகு காதுக்கு. காதுக்கு வந்தது அங்கேயே நின்றுகொண்டது, பல நாள். சாப்பாட்டுக் கை வாய்க்கு வந்துவிட்டது, எனக்கு உயிர் வந்தது மாதிரி இருந்தது. ஆனால் சீப்பு உச்சிக்கு ஏற மாட்டேன் என்றது. ஒரு நாள் வசந்தா சீப்பைக் கேட்டாள். கொடுக்கவில்லை. அவள் பார்க்கப் பார்க்க, தலையைச் சாய்த்து, பல்லைக் கடித்து, ஒரு வகிடு எடுத்தேன். கோணல் வகிடு. அதோடேயே தெருவில் நடந்தேன்.

காலையில் வீட்டு வேலை முடிந்ததும் மடுவத்துக்குப் போய் உட்காருவேன். சம்பளம் கிடையாது, சும்மா. பார்வதி என்னை விரட்டவில்லை. இருபது வயதுப் பெண், ஒரே நேரத்தில் நாலு பிள்ளை அழுதால் கூடவே அழுதுவிடுவாள். தரையில் உட்கார்ந்து தொட்டில் கயிற்றை வலது கையால் இழுத்து இழுத்து விடுவேன். பிள்ளை தூங்கிவிடும், நான் இழுப்பதை நிறுத்த மாட்டேன். பார்வதிக்கும் இந்த வேலை வேண்டும். தோட்டத்தில் பெண்களுக்கு மழையில் நனையாத வேலை வேறு ஏது? அதை அவள் ஒளிக்கவும் இல்லை.

"ஒங்க கை சரியாகணும்னு மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டேன்க்கா" என்றாள் ஒரு நாள். கொஞ்சம் பொறுத்து, "ஆனா மெதுவா சரியாகட்டும்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். அவள் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியும். அதற்காக நான் என் கயிற்றை விடுவதாக இல்லை.

7

துரை வந்தது ஒரு வெயில் காலை. முன்னால் அவர், பின்னால் கண்டாக்கையா. நான் தொட்டில் பக்கம் உட்கார்ந்திருந்தேன், பார்வதி பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் எழுந்து நின்றோம்.

துரை தோட்டத்தில் பழகிய தமிழ் பேசுவார். "என்னா பொம்பளே, கை சரியா?"

"சரிங்க தொர."

"நீட்டு."

நீட்டினேன். என்னால் முடிந்த மட்டும் நீட்டினேன். அம்மியும் மாவும் விளக்குமாறும் சேர்ந்து கொண்டுவந்த நீளம் அது. ஆனாலும் முழங்கையில் ஒரு வளைவு மிச்சம் இருந்தது. துரை தன் கையை என் கைக்குப் பக்கத்தில் நேராக நீட்டிப் பிடித்தார். அவர் கை குச்சி மாதிரி நின்றது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கண்டாக்கையாவும் எட்டிப் பார்த்தார்.

"முழுசா நீளலைங்க தொர" என்றார் கண்டாக்கையா.

"பாவம்" என்றார் துரை. "சரி இல்லே. வேறே லேசு வேலே பாரு."

லேசு வேலை என்று தோட்டத்தில் ஒன்றும் கிடையாது. அது எனக்கும் தெரியும், கண்டாக்கையாவுக்கும் தெரியும். எனக்கு அழுகை வரவில்லை. மை டப்பாவைத் தள்ளினபோது வந்த அதே கோபம் வந்தது. அந்த முறை விரலைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். இந்த முறை பேசாமல் போவதாக இல்லை.

மூலைத் தொட்டிலில் ஒரு பிள்ளை எழுந்து அழ ஆரம்பித்திருந்தது. மடுவத்திலேயே கனமான பயல். பார்வதி அவனை இரண்டு கையாலும் மூச்சு வாங்கித்தான் தூக்குவாள். நான் அதுவரை அவனைத் தூக்கிப் பார்த்ததே இல்லை. போய்க் குனிந்தேன். வலது கையை அவனுக்கு அடியில் கொடுத்து, ஒரே எடுப்பாக எடுத்து, வலது இடுப்பில் வைத்து, கையால் சுற்றி வளைத்துக்கொண்டேன். முழங்கையில் நெருப்பு வைத்தது போல இருந்தது. திரும்பி நடந்து வந்து துரைக்கு முன்னால் நின்றேன்.

"தொர, புள்ளைய யாருங்க கைய நீட்டிக்கிட்டுத் தூக்குவாங்க?"

கண்டாக்கையா அதை அவருக்கு இங்கிலீஷில் சொல்ல வாயெடுத்தார். தேவைப்படவில்லை. துரைக்கு விளங்கிவிட்டது. அவர் கை அப்போதும் நேராக நீட்டியபடியே இருந்தது. அதைப் பார்த்தார், மெதுவாக மடக்கிக் கீழே போட்டார். பிள்ளையைச் சுற்றியிருந்த என் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாளே பெரட்டுக்கு வரச் சொல்லு" என்றார் கண்டாக்கையாவிடம். குனிந்து வாசலைத் தாண்டிப் போய்விட்டார்.

பார்வதி அடுப்பிலிருந்து பாலை இறக்கி வைத்தாள். என் பக்கம் பார்க்காமல் மழைக்குப் போர்த்திக்கொள்கிற தன் கம்பளியைத் தேடி எடுத்து மடித்தாள். மறுநாளிலிருந்து மழையானாலும் அவள் மலையில் கொழுந்து பறிக்க வேண்டும். எனக்கு அவளைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் வேலையைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனசு இல்லை, கொடுக்கவும் இல்லை.

பயல் என் தோளில் தலையைப் போட்டுத் தூங்கிவிட்டான். கை கடுக்க ஆரம்பித்தது. அவனைத் தொட்டிலில் போட்டிருக்கலாம். பார்வதியும் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். தலையை ஆட்டி மறுத்துவிட்டேன். மத்தியானம் அவன் அம்மா பால் கொடுக்க மலையிலிருந்து இறங்கி வரும்வரை அவனைக் கீழே விடவில்லை.